குளத்துத் தண்ணீரில் உயிரோடு நீந்தும் நுண்ணுயிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக நுண்ணோக்கி வாங்கியவர்களும், பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட நினைக்கும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சாயம் ஏற்றிக் காயவைத்த ஸ்லைடுகளைப் பற்றி இதில் பேசவில்லை. அவற்றில் உருவம் தெரியும், வாழ்க்கை தெரியாது. ஓர் உயிர் எப்படி நீந்துகிறது, எதைத் தின்கிறது, இடித்துக்கொண்டால் என்ன செய்கிறது என்பதையெல்லாம் அது உயிரோடு இருக்கும்போதுதான் பார்க்க முடியும்.

எந்த மாதிரி நுண்ணோக்கி வேண்டும்?

கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் சாதாரணக் கூட்டு நுண்ணோக்கி போதும். கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு, பொருளருகு லென்ஸ்கள் 4, 10, 40 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 40, 100, 400 மடங்கு கிடைக்கும். குளத்துத் தண்ணீருக்கு இதற்கு மேல் அநேகமாகத் தேவைப்படாது. எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

‘2000 மடங்கு பெருக்கும்’ என்று விளம்பரம் செய்யும் பொம்மை நுண்ணோக்கிகளை வாங்காதீர்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் ஏறக்குறைய 0.2 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. ஒளியின் அலைநீளம் விதிக்கிற இந்த எல்லையை 1873-லேயே ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே விளக்கிவிட்டார். அதற்குமேல் பெருக்கினால் மங்கலான படம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

மடங்கைவிட முக்கியமானவை வேறு சில. மேடைக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கன்டென்சரும், அதில் ஒளியைக் குறைக்கக் கூட்டத் திறந்து மூடும் டயாஃப்ரமும் இருக்க வேண்டும். குவியத்தை நுட்பமாகச் சரிசெய்யும் குமிழான நுண்குமிழ் வழுக்காமல் திரும்ப வேண்டும். ஸ்லைடை மெல்ல நகர்த்தும் திருகு இருந்தால் ரொம்ப வசதி, ஏனென்றால் நீங்கள் பார்க்கப்போவது ஓடுகிற உயிர்கள். விளக்கு எல்இடியாக இருந்தால் ஸ்லைடு சூடாகாது. விளக்குக்குப் பதிலாக ஒளியைத் திருப்பும் கண்ணாடி வைத்த பழைய நுண்ணோக்கியானால் வானத்தின் வெளிச்சத்தைப் பிடியுங்கள். நேரடிச் சூரியனை ஒருபோதும் பிடிக்கக் கூடாது, கண் போய்விடும்.

காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப்பும் நல்ல கருவிதான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கி 2014-ல் வெளியே தெரிய வந்தது. சுமார் 140 மடங்கு பெருக்கும். குளக்கரைக்கே எடுத்துப் போகலாம். வேகமாக ஓடும் உயிரை அதில் துரத்துவது மட்டும் கொஞ்சம் சிரமம்.

தண்ணீரை எங்கே, எப்படி எடுப்பது?

குளத்தின் நடுவில் இருக்கும் தெளிந்த தண்ணீரை எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொள்ள இடமும் தின்ன இரையும் இருக்கிற பக்கம்தான் கூடும். கரையோரப் பாசி, மட்கிய இலை, வேலம்பாசி, ஆகாயத்தாமரையின் வேர்த் தொங்கல், சேற்றின் மேல்படலம் ஆகியவற்றைத் தேடுங்கள். வேர்க் கொத்தைத் தண்ணீரோடு எடுத்து பாட்டிலுக்குள் பிழிந்தால் வருகிற பழுப்பு நிறக் கலங்கலில்தான் கூட்டம் இருக்கும். கோயில் தெப்பக்குளம், ஏரி, வயல் வாய்க்கால், கால்நடைத் தொட்டி எல்லாமே நல்ல இடங்கள்.

பாட்டிலைப் பாதி மட்டும் நிரப்புங்கள், மீதியில் காற்று இருக்கட்டும். மூடியை இறுக்க வேண்டாம். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் செத்துப்போகும். வீட்டுக்கு வந்ததும் வாயகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றி, நேரடி வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். முதல் நாள் பார்த்த உயிர்களும் ஒரு வாரம் கழித்துப் பார்ப்பவையும் ஒன்றாக இருக்காது. ஒன்று பெருகும், அதைத் தின்பது பெருகும், முதலாவது குறையும்.

ஒரு நல்ல வழி: சுத்தமான ஸ்லைடு ஒன்றை நூலில் கட்டி ஜாடிக்குள் தொங்கவிடுங்கள். சில நாளில் ஒட்டி வாழும் உயிர்கள் தாமாக அதன்மேல் குடியேறும். ஒரு பக்கத்தைத் துடைத்துவிட்டு, மறுபக்கத்தில் மூடு கண்ணாடி வைத்துப் பார்த்தால், கலைக்கப்படாத ஒரு குடியிருப்பையே பார்க்கலாம்.

பக்கத்தில் குளமே இல்லை. என்ன செய்வது?

ஒரு பிடி வைக்கோலை நறுக்கித் தண்ணீரில் ஊறப்போடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று நாளில் மேலே மெல்லிய ஆடை படியும், அது பாக்டீரியாக் கூட்டம். அடுத்து அவற்றைத் தின்னும் சிறிய குறுஇழை உயிரிகள் வரும், உடம்பிலுள்ள மயிர்போன்ற குறுஇழைகளை அடித்து நீந்துபவை. வைக்கோலில் உலர்ந்த உறைக்குள் உறங்கிக் கிடந்தவை அவை. செருப்பு வடிவ ஒற்றைச் செல் உயிரான பாரமீசியம் வேண்டுமென்றால் குளத்துத் தண்ணீர் கொஞ்சம் சேர்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் மதில்மேல் வளரும் பச்சைப் பாசி மெத்தையைப் பெயர்த்து, சிறிது தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்தால் ரோட்டிஃபர், நூற்புழு, அதிர்ஷ்டம் இருந்தால் எட்டுக் கால்களுடன் மெல்ல ஊர்கிற நீர்க்கரடியும் கிடைக்கும். பாசி காய்ந்தே கிடந்தாலும் பரவாயில்லை. நீர்க்கரடிகள் உடம்பிலுள்ள தண்ணீரை அநேகமாக முழுக்க இழந்து சுருண்டு கிடந்துவிட்டு, நனைந்ததும் எழுந்து நடக்கும்.

இந்த ஊறல் முறை மிகப் பழையது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆண்டனி வான் லேவன்ஹூக், மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க நினைத்து அதைத் தண்ணீரில் ஊறவைத்தார். 1676-ல் அந்தத் தண்ணீரைத் தாம் கடைந்து செய்த ஒற்றை லென்ஸில் பார்த்தபோது, எண்ணற்ற சின்னஞ்சிறு உயிர்கள் துடித்துக்கொண்டிருந்தன. பாக்டீரியாவை மனிதர் பார்த்து எழுதிய முதல் குறிப்பு அதுதான் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதியதைப் பலர் நம்பவில்லை. 1677-ல் அந்தக் கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹூக் தாமே மிளகுத் தண்ணீர் தயாரித்து, உறுப்பினர்களுக்குக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். மிளகுக்கு ஏன் காரம் என்ற கேள்விக்கு லேவன்ஹூக்குக்கு விடை கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை அவர் கேட்டதற்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

ஸ்லைடு தயாரிப்பது எப்படி?

இங்க் ஃபில்லரால் ஜாடியின் அடிவண்டலுக்கு மேலிருந்து ஒரு துளி. அதில் பாசியின் ஒரு சின்ன இழையும் வரட்டும். மூடு கண்ணாடியின் ஒரு விளிம்பைத் துளியில் தொடவைத்துச் சாய்வாக மெல்லக் கீழே விடுங்கள், காற்றுக் குமிழ் குறையும். தண்ணீர் அதிகமாகிக் கண்ணாடி மிதந்தால் ஓரத்தில் டிஷ்யூ காகிதத்தை வைத்து உறிஞ்சுங்கள். குறைந்தால் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள்.

பெரிய உயிர்கள் நசுங்காமல் இருக்க, மூடு கண்ணாடியின் நாலு மூலையிலும் கடுகளவு வாசலைன் வைக்கலாம். நாலு ஓரமும் வாசலைன் தடவி அடைத்துவிட்டால் துளி உலராமல் சில மணி நேரம் தாங்கும்.

எதுவுமே தெரியவில்லை, வெறும் வெள்ளை வெளிச்சம்தான். ஏன்?

வருகிற கேள்விகளில் பாதி இதுதான். காரணமும் அநேகமாக ஒன்றுதான்: வெளிச்சம் அதிகம்.

உயிருள்ள செல் கிட்டத்தட்டத் தண்ணீரைப் போலவே ஒளியை உள்ளே விடும். சாயம் ஏற்றிய ஸ்லைடுக்கு வைக்கிற வெளிச்சத்தை வைத்தால் அதன் ஓரங்கள் எல்லாம் கரைந்துபோகும். டயாஃப்ரத்தை மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில், அதுவரை வெறுமையாகத் தெரிந்த இடத்தில் உருவங்கள் விளிம்பு கட்டி எழும். கன்டென்சரைச் சற்றுக் கீழே இறக்கினாலும் இதே பலன் கிடைக்கும். ரொம்ப மூடினால் எல்லாவற்றுக்கும் தடித்த இரட்டைக் கோடு விழும், அப்போது கொஞ்சம் திறந்துவிடுங்கள். மடங்கை மாற்றும்போதெல்லாம் இதையும் மாற்ற வேண்டியிருக்கும். ஒரு கை நுண்குமிழிலும் மறு கை டயாஃப்ரத்திலும் இருப்பது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொடக்கம் எப்போதும் 4 மடங்கு லென்ஸில்தான். முதலில் பாசி இழையையோ மூடு கண்ணாடியின் விளிம்பையோ தெளிவாக்குங்கள். அந்தத் தளத்திலேயே உயிர்களும் இருக்கும். தடித்த கறுப்பு வளையத்தோடு கச்சிதமான வட்டமாகத் தெரிவது காற்றுக் குமிழ். கண்ணைத் திருப்பும்போது கூடவே மிதந்து வருகிற நூல்கள் உங்கள் கண்ணுக்குள்ளேயே இருப்பவை.

இன்னொரு வழியும் இருக்கிறது. கறுப்பு அட்டையில் சிறிய வட்டம் வெட்டி, கன்டென்சருக்குக் கீழே நடுவில் வையுங்கள். 15 மில்லிமீட்டர் அகலத்தில் தொடங்கி, கூட்டிக் குறைத்துப் பாருங்கள். நேராக வரும் ஒளி தடைபட்டு, பக்கவாட்டில் வருவது மட்டும் உயிர்களில் பட்டுச் சிதறும். பின்புலம் கறுத்து, உயிர்கள் ஒளிரும். 4, 10 மடங்கு லென்ஸ்களில் நன்றாக வேலை செய்யும். செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது. பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கண்ணில் பட்ட உடனே ஓடிவிடுகின்றன. எப்படி நிறுத்துவது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரமீசியம் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் நீந்தும். 400 மடங்கில் உங்களுக்குத் தெரியும் வட்டத்தின் அகலமே அரை மில்லிமீட்டருக்குக் குறைவு. அரை விநாடியில் கடந்துவிடும். 40 மடங்கிலோ வட்டம் நாலரை மில்லிமீட்டர் இருக்கும், நிதானமாகப் பின்தொடரலாம். அதனால் குறைந்த மடங்கிலேயே பழகுங்கள்.

பஞ்சிலிருந்து சில இழைகளைப் பிரித்துத் துளியில் போட்டால் அவை வேலி போட்டதுபோல் உயிர்களை அடைக்கும். ஆய்வகங்களில் மெத்தில் செல்லுலோஸ் கரைசலை 2 அல்லது 3 சதவீதத்தில் கலந்து தண்ணீரைக் குழகுழப்பாக்குவார்கள். மூடு கண்ணாடியின் ஓரத்தில் தண்ணீரை மெல்ல உறிஞ்சினாலும் இடம் குறுகி வேகம் தணியும். ரொம்ப உறிஞ்சினால் நசுங்கிச் செத்துவிடும்.

என் விருப்பம் காத்திருப்பதுதான். புதிய ஸ்லைடில் எல்லாம் மிரண்டு ஓடும். பத்து நிமிடம் விட்டால், மட்கிய துணுக்கு ஒன்றின் ஓரத்தில் பாரமீசியங்கள் தாமாக வந்து நின்று மேயத் தொடங்கும். அப்போது 400 மடங்குக்குப் போகலாம். அயோடினோ வினிகரோ விட்டு நிறுத்தலாமா என்று கேட்கிறார்கள். நிற்கும், செத்து நிற்கும்.

பார்த்தது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உருவத்தைவிட நடையைக் கவனியுங்கள். தெருமுனையில் வருகிறவரை முகம் தெரியும் முன்பே நடையை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறோம் அல்லவா, அப்படி.

பாரமீசியம் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு திருகுப் பாதையில் நீந்தும். எதிலாவது முட்டினால் குறுஇழைகள் எதிர்த்திசையில் அடிக்கும். பின்னால் வரும், கொஞ்சம் திரும்பும், மறுபடி முன்னால் போகும். வழி கிடைக்கும் வரை இதையே செய்யும். யூக்ளினா பச்சையாக இருக்கும், முனையில் ஒரு செம்புள்ளி. நீந்தாத நேரத்தில் உடம்பைப் பிதுக்கிச் சுருக்கி நெளியும். மெல்லிய படகு வடிவத்தில் பொன்பழுப்பு நிறத்தோடு, காலும் துடுப்பும் இல்லாமல் வழுக்கிச் செல்பவை டயாட்டம்கள். பாசி இழையின்மேல் விறுவிறுவென்று நடக்கிற ஒற்றைச் செல் ஒன்றைப் பார்த்தால், அது குறுஇழைகளைக் கற்றைகளாகச் சேர்த்துக் கால்களாக்கிக்கொண்ட யூப்ளோட்டிஸ் வகை. ரோட்டிஃபர் பல செல் விலங்கு. தலையில் இரண்டு சக்கரங்கள் சுழல்வதுபோல் தெரியும், உண்மையில் அங்கே இழைகள் வரிசையாக அடிக்கின்றன. உடம்பு கண்ணாடிபோல் இருப்பதால் உள்ளே தாடை அரைப்பதைக்கூடப் பார்க்கலாம். ஸ்டென்டர் விரிந்து நிற்கும்போது குழல் வடிவம், சில வகைகள் வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும் அளவு பெரியவை.

அமீபாவைத் தேடி ஏமாறாதவர் இல்லை. பாடப்புத்தகத்தில் முதலில் வருகிறதே தவிர, குளத்துத் தண்ணீரில் எளிதில் அகப்படாது. வண்டலில் இருந்து எடுத்த துளியைச் சில நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு, ஸ்லைடின் அடித்தளத்தில் குவியப்படுத்துங்கள். சாம்பல் நிறக் கறை ஒன்று நகர்கிறதா என்று சந்தேகம் வந்தால், ஒரு நிமிடம் அதையே பாருங்கள். உள்ளே துகள்கள் ஒரே பக்கமாக ஓடினால் அதுதான்.

எனக்கு மிகப் பிடித்தது வோர்டிசெல்லா. மணி வடிவ உடம்பு, கீழே மெல்லிய காம்பு, காம்பின் அடி ஏதோ ஒரு வேரில் ஒட்டியிருக்கும். மணியின் விளிம்பில் இழைகள் அடிப்பதால் தண்ணீர் சுழன்று பாக்டீரியாக்கள் உள்ளே இழுபடுகின்றன. மேடையை விரலால் லேசாகத் தட்டுங்கள். காம்பு சட்டென்று சுருளாகி, மணி அடிவரை இறங்கிவிடும். சில மில்லிவிநாடிகளில் முடிந்துவிடுவதால் இறங்குவதைக் கண்ணால் பிடிக்க முடியாது. நீள்வதற்குச் சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும், அதைத் தெளிவாகப் பார்க்கலாம். நம் தசைகள் ஏடிபி என்ற ஆற்றல் தரும் மூலக்கூறைச் செலவழித்துச் சுருங்குகின்றன. இந்தக் காம்போ கால்சியம் வந்து ஒட்டுவதாலேயே சுருங்குகிறது.

துடித்துக்கொண்டே இருக்கும் சின்னப் புள்ளிகள் பாக்டீரியாவா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தண்ணீர் மூலக்கூறுகள் மோதுவதால் உயிரற்ற தூசியும் நின்ற இடத்திலேயே நடுங்கும். 1827-ல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் மகரந்தத்துக்குள் இருந்த துகள்களில் கவனித்த அசைவு இதுதான். எல்லாம் நின்ற இடத்தில் நடுங்கினால் அது பிரவுன் அசைவு. எல்லாம் ஒரே திசையில் போனால் தண்ணீர் ஓடுகிறது. ஒன்று மட்டும் மற்றவற்றைத் தாண்டித் தன் வழியில் போய்த் திரும்பினால் அது உயிர்.

தயிரில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் கலந்து 400 மடங்கில் பாருங்கள். குச்சிகளாகவும் சங்கிலிகளாகவும் தெரியும். உயிரோடுதான் இருக்கின்றன, ஆனாலும் நீந்தாது. நீந்த உதவும் சாட்டைபோன்ற கசையிழை அவற்றுக்குக் கிடையாது.

மாட்டுத் தீவனத்துக்கு அசோலா வளர்க்கிறோம். அதில் ஏதாவது பார்க்கலாமா?

கண்டிப்பாகப் பாருங்கள். தண்ணீரில் மிதக்கும் இந்தச் சிறு பெரணியின் ஓர் இலையைக் கிள்ளி, ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூடு கண்ணாடியை வைத்து நசுக்குங்கள். இலைக்குள் இருந்த பொந்திலிருந்து வட்டச் செல்கள் சங்கிலியாக வெளியே வரும். அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி. இடையிடையே சற்றுப் பெரிதாக, வெளிறி, தடித்த சுவரோடு இருக்கும் செல்கள்தான் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கின்றன. நெல் வயலில் அசோலாவை விடுவதற்குக் காரணமே இந்தச் செல்கள்.

கண்டுபிடித்தாயிற்று. அடுத்து என்ன பார்ப்பது?

இங்கேதான் பலரும் அடுத்த துளிக்குத் தாவிவிடுகிறார்கள். தாவாதீர்கள். ஒரே உயிரோடு அரை மணி நேரம் இருங்கள். பத்து ஸ்லைடு மாற்றுவதில் கிடைக்காதது அதில் கிடைக்கும்.

மேய்ந்துகொண்டு நிற்கும் பாரமீசியத்தை 400 மடங்கில் பாருங்கள். உடம்பின் இரு முனைகளுக்கு அருகே இரண்டு தெளிந்த குமிழ்கள் மெல்லப் பெருத்து, திடீரென்று காணாமல் போகும். மறுபடி பெருக்கும். தண்ணீரை வெளியேற்றும் சுருங்கும் குமிழிகள் அவை. வெளியே இருப்பதோ நன்னீர், உள்ளே உப்புச்சத்து அதிகம். சவ்வூடுபரவலால் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கிறது. அதை இறைத்துக்கொட்டாவிட்டால் செல் வெடித்துவிடும்.

இப்போது கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒரு குமிழ் ஒருமுறை சுருங்குவதற்கும் அடுத்த முறை சுருங்குவதற்கும் இடையே எத்தனை விநாடி என்று எழுதுங்கள். பிறகு மூடு கண்ணாடியின் ஒரு ஓரத்தில் மிக நீர்த்த உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூவால் இழுங்கள். சில நிமிடம் கழித்து மறுபடி எண்ணினால் இடைவெளி நீண்டிருக்கும். வெளியிலும் உப்பு கூடியதால் உள்ளே புகும் தண்ணீர் குறைந்துவிட்டது, இறைக்கும் வேலையும் குறைந்துவிட்டது. சவ்வூடுபரவலை உருளைக்கிழங்குத் துண்டில் மட்டும் பார்த்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைக் காட்டிப் பாருங்கள். கேள்வி கேட்டுத் தீராது.

படம் வரையுங்கள். அழகாக வர வேண்டும் என்பதில்லை. வரையத் தொடங்கினால்தான் வாய்ப்பள்ளம் எந்தப் பக்கம், உட்கரு எங்கே என்று கண் தேடும்.

அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணருகு லென்ஸில் 18 என்பதுபோல் ஓர் எண் பொறித்திருக்கும். அதைப் பொருளருகு லென்ஸின் மடங்கால் வகுத்தால் நீங்கள் பார்க்கும் வட்டத்தின் அகலம் மில்லிமீட்டரில் வரும். 10 மடங்கு லென்ஸில் 1.8 மில்லிமீட்டர், அதாவது 1800 மைக்ரான். வட்டத்தின் குறுக்கே உங்கள் உயிர் ஆறு தடவை அடங்கும் என்றால் அதன் நீளம் 300 மைக்ரான். எண் இல்லையென்றால் பிளாஸ்டிக் அளவுகோலை 4 மடங்கு லென்ஸின் கீழ் வைத்து நேராக அளந்துவிடலாம்.

மொபைலில் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். லென்ஸுக்கு மேல் மொபைலை நிறுத்தும் பிடி ஒன்று வாங்குங்கள், கையில் பிடித்தால் ஆடும். புகைப்படத்தைவிட வீடியோ நல்லது. குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு எடுங்கள். பெயர் தெரியாத உயிரைப் பிறரிடம் காட்டிக் கேட்கும்போது, அது நகர்ந்த விதம் வீடியோவில் இருந்தால் பாதிக் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கும். மடங்கையும் தண்ணீர் எடுத்த இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு ஆபத்து உண்டா?

சாதாரணக் குளத்துத் தண்ணீரைக் கையாள்வதில் பயப்பட ஒன்றுமில்லை, சில ஒழுங்குகள் இருந்தால் போதும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வாயால் உறிஞ்சித் தண்ணீர் எடுக்கக் கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள், எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் லெப்டோஸ்பைரா காய்ச்சல் வரலாம். சாக்கடை நீர் வேண்டவே வேண்டாம். மூளையைத் தாக்கும் நெக்லேரியா அமீபாவைப் பற்றிக் கேரளச் செய்திகளைப் படித்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். அது மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறும்போதுதான் நுழைகிறது, தொடுவதால் அல்ல. ஆகவே மூக்கருகே தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுக்கப் போன பிள்ளைகள் அப்படியே குளத்தில் இறங்கிக் குளிக்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. தொண்டையிலிருந்தோ புண்ணிலிருந்தோ எடுத்து வீட்டில் பாக்டீரியா வளர்க்காதீர்கள், அதற்கு முறையான ஆய்வகம் வேண்டும்.

ஜாடியில் கொசுப்புழு வந்துவிடுமே?

மூடாமல் வைத்தால் நிச்சயம் வரும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடும். ஜாடியின் வாயை மெல்லிய பருத்தித் துணியால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள், காற்றும் போகும். குளத்திலிருந்தே முட்டையோ புழுவோ வந்திருக்கலாம் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள், நெளிகிற புழு தெரிந்தால் ஃபில்லரால் எடுத்துவிடுங்கள். பார்த்து முடித்த தண்ணீரை வேறொரு குளத்திலோ கிணற்றிலோ கொட்டாதீர்கள், ஓரிடத்துக் களைச்செடியும் நோயும் இன்னோரிடத்துக்குப் போகும். செடிக்கு ஊற்றிவிடலாம்.